கொஞ்சம் அரக்குங்கோ

அவர் யாரையும் தள்ளியதில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மினிபஸ் கொண்டக்டர் என்றதும் முதுகில் கைவைத்து உள்ளே திணிக்கிற ஆள்தான் எவருக்கும் நினைவில் வருவான். இவர் வலக்கையின் இரண்டு விரல்களை நம் தோள்பட்டைக்குப் பின்னால், சட்டையில் பட்டும் படாமலும் வைப்பார். "கொஞ்சம் அரக்குங்கோ" என்பார். நாமும் நகர்ந்துவிடுவோம். நகர இடமே இல்லாதபோது எப்படி நகர்ந்தோம் என்ற கேள்வி பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் வரும்.

சுன்னாகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடிய அந்த மினிபஸ்ஸில் எத்தனை பேர் ஏறலாம் என்று கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. அந்த எழுத்தை மறைத்துக்கொண்டுதான் அவர் நிற்பார். வழியில் கைகாட்டிய எவரையும் அவர் விட்டுவிட்டுப் போனதாக எனக்கு நினைவில்லை. சாரதி நிறுத்தாமல் போகப் பார்த்தால் பஸ் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடிப்பார்.

"ஓராள் நிக்கிறார். இடம் இருக்கு."

"எங்கை அண்ணை இடம்?" என்று உள்ளேயிருந்து எவராவது கத்துவார்கள்.

"ஏறினாப்பிறகு தெரியும்."

எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். ஆகையால் நானும் இங்கே பெயர் எழுதவில்லை.

நான் அப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதன். மேசையில் பென்சில்களை உயரப்படி அடுக்கி வைக்கிறவன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஒன்றும் நடக்காத நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை எழுதுகிறவன். ஒருநாள் காலை பஸ்ஸில் நல்லூருக்குப் போகிற ஒரு கூட்டம் பஜனை பாடிக்கொண்டு வந்தது. பக்திக்குக் குறைவில்லை. ஆனால் கைதட்டு ஒவ்வொரு சுற்றிலும் சற்று முந்திக்கொண்டே போனது. என்னால் தாங்க முடியவில்லை. மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் சரியான காலத்தைத் தட்டத் தொடங்கினேன். பஜனைக்காரர்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் முருகன் இல்லை. அண்ணை மேல்கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தார்.

"ஐசே, நீர் தாளம் பழகினனீரோ?"

"இல்லை அண்ணை. பிழையாய்த் தட்டினால் எனக்குப் பல்லுக் கூசும்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாரும். எங்களிட்டைத் தாளம் இருக்கு, ஆள் இல்லை."

அப்படித்தான் நான் அவருடைய பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்தேன். பித்தளைக் கைத்தாளம் ஒரு சோடி என் கைக்கு வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழப்புளி போட்டுத் துலக்கி, பழைய வேட்டித்துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன். கோஷ்டியின் முதுகெலும்பு தாளந்தான் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். மறுநாளும் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தேன்.

ஊரில் எங்களுக்கு 'பஸ் கோஷ்டி' என்று பெயர். பாடியது நாட்டுப்பாடல்கள். அந்தப் பாட்டுகளும் பஸ்ஸில் ஏறி வந்தவைதான். வெங்காயம் கிண்டப் போகிற பெண்களோ, ஒரு காலத்தில் தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலா மிதித்தவர்களோ, மீன்கடகத்தோடு ஏறுகிறவர்களோ எதையாவது முணுமுணுத்தால் அண்ணை ரிக்கெற் எழுதுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். இறங்குகிற இடம் வருவதற்குள் பாட்டு அவருடையதாகிவிடும். அவர் வாசித்தது கால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியம். இருந்து வாசிக்க மாட்டார். ஒரு காலில் நின்று மறு காலால் துருத்தியை மிதித்து, வலக்கையால் கட்டைகளை அழுத்துவார். இடக்கை தலைக்கு மேலே கூரை வளையைப் பிடித்திருக்கும். மேடைகளில் பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அவருக்குச் சுருதி தப்பும். ஆகவே பந்தல் தடியிலிருந்து ஒரு கயிறு கட்டித் தொங்கவிடுவோம். அந்தக் கயிறு எதற்கு என்று கேட்காத ஊர் இல்லை.

பழகும் இடம் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் அவருடைய மச்சானின் வெங்காயக் கொட்டில். சின்ன வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி வளைகளில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் கீழே நாங்கள். வீட்டுக்குப் போனால் என் மனைவி முதலில் சட்டையைக் கழற்றச் சொல்வாள், பிறகுதான் தேநீர்.

குரல் நீர்வேலியாருடையது. அவருக்கு வாழைத்தோட்டம். வாழைக்குலை தோளில் சுமந்து சுமந்து அகன்ற நெஞ்சு. ஒலிவாங்கி இல்லாமலே சந்தி வரைக்கும் கேட்கும். உடுக்கு, மத்தளம், புல்லாங்குழல், ஆர்மோனியம், என் தாளம். அந்த நாட்களில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக, கொடியில் காயப்போட்ட உடுப்பு மாதிரித் தெரியும். என்னுடையது நன்றாகவே தெரிந்தது. கோயில் வீதியில் ஒருவர் என்னிடம் "நீர்தானே அந்தத் தாளக்காரன்?" என்று கேட்டதும் உண்டு. என்னுடைய இசைவாழ்வின் உச்சம் அதுதான். அப்போது அது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒருநாள் டொமினிக் பஸ்ஸில் ஏறினான். குருநகர்க்காரன், கடலுக்குப் போகிற குடும்பம். கையில் உரப்பையில் சுற்றிய ஏதோ நீளமான சாமான். பஸ்ஸில் அன்று கால் வைக்கவும் வழியில்லை. அண்ணை அந்த உரப்பையை வாங்கி, இருக்கையில் இருந்த ஒரு பெண்ணின் மடியில் வைத்தார்.

"அக்கா, குழந்தைப்பிள்ளை எண்டு நினைச்சுப் பிடியுங்கோ."

"கழுத்து இவ்வளவு நீளமாய் இருக்கு. ஆரின்ரை பிள்ளை?" என்றார் அந்தப் பெண்.

பஸ்ஸே சிரித்தது. உள்ளே இருந்தது ஒரு கித்தார். மின்சாரக் கித்தார். யாழ்ப்பாணம் போய்ச் சேர முன்னமே டொமினிக்குக்கும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சொல்லப்பட்டுவிட்டது.

"இதுக்குக் கரண்ட் வேணும் அண்ணை. சும்மா அடிச்சால் சத்தம் வராது."

"கரண்ட் சுன்னாகத்துப் பவர் ஸ்ரேசனிலைதானே தம்பி பிறக்குது. நீ வா."

கொட்டிலில் ஒரு பழைய வால்வு றேடியோ இருந்தது. டொமினிக் அதன் பின்பக்கத்தைத் திறந்து கித்தாரின் வயரை எங்கேயோ கொடுத்தான். பிறகு, வலை இழுக்கும்போது தகப்பன் பாடுகிற அம்பாப் பாட்டு ஒன்றை மெதுவாக வாசித்தான். றேடியோவின் துணி மூடிய வாயிலிருந்து வந்தது கித்தாரா, கடலிரைச்சலா என்று பிரிக்க முடியவில்லை. கம்பியிலிருந்து விரலை எடுத்த பிறகும் சத்தம் போகாமல் வெங்காயங்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணை வளையைப் பிடித்தபடி அண்ணாந்து அந்தச் சத்தத்தைத் தேடினார்.

"ஏறின சத்தம் இறங்காமல் நிக்குது" என்றார்.

நான் தாளத்தை வேட்டித்துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். நாட்குறிப்பில் 'கித்தார் வந்தது, வானம் மப்பு' என்று மட்டும் எழுதினேன்.

பிறகு என்னவெல்லாம் ஏறியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பழைய டேப் றெக்கோடர் ஒன்றைக் கழற்றிப் பூட்டி ஒரு எக்கோப் பெட்டி. பேஸ் கித்தார். சுருதியைப் பிடித்துக்கொண்டே நிற்பதற்கு ஒரு மின்சார ஓகன். மற்றக் கோஷ்டிகள் புதியது வந்ததும் பழையதை வீட்டுக்கு அனுப்பின. அண்ணை ஒருவரையும் அனுப்பவில்லை. உடுக்கும் இருந்தது, ஓகனும் இருந்தது. வந்தவர்களுக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ." துலாப் பாட்டுக்கு, பக்கத்துத் தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மெசினின் சத்தத்தையும் சேர்த்தார். வயர் இழுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் ஒலிவாங்கியை நட்டு, அதை எக்கோப் பெட்டிக்குள் விட்டு, அதன் மேல் கித்தாரைப் படரவிட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் நீர்வேலியாரைப் பாடச் சொன்னார்.

நீர்வேலியார் ஒரு அடி பாடிவிட்டு நிறுத்தினார்.

"அண்ணை, என்ரை பாட்டுக்கு மேலை ஏறி நிக்கிறாங்கள்."

"ஆர்?"

"எல்லாரும்! மெசினும்!"

"நீர் ஜன்னல் சீற்றிலை இருந்து பழகிப்போட்டீர். கொஞ்சம் உள்ளுக்கை வாரும். உள்ளுக்கை சூடாய் இருக்கும், ஆனா நல்லாய் இருக்கும்."

நீர்வேலியார் முறைத்தார். ஆனால் மறுபடியும் பாடினார். அந்தப் பின்னேரத்தை என்னால் மறக்க முடியாது. சத்தங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் மழைக்கு முந்திய காற்றுப்போலக் கொட்டிலை நிறைத்து நின்றன. பாட்டுக்கு வெளியே நின்று கேட்க முடியவில்லை. உள்ளேதான் நிற்க வேண்டியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குப் பெரிய கவலையாகப் போயிற்று. ஏனென்றால் அதற்குள் என் தாளம் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, என்ரை தாளம் கேக்குதோ?"

"இருக்கு."

"இருக்கெண்டு எனக்குத் தெரியும், என்ரை கையிலைதானே இருக்கு. கேக்குதோ?"

"இருக்கு தம்பி" என்றார் மறுபடியும்.

நல்லூரில் ஒரு ரியூஷன் நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் மண்டபத்துக்குப் போய்ச் சாமான்களைப் பூட்டி வாசித்துப் பார்த்தோம். கொட்டிலில் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நின்ற சத்தமெல்லாம் அங்கே வெறும் சுவரில் முட்டி ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. டொமினிக் பெட்டிகளின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"இஞ்சை வெங்காயம் இல்லை" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சாரதியைக் கூட்டிக்கொண்டு மினிபஸ்ஸில் போனவர் மத்தியானம் திரும்பி வந்தார். இருக்கைகள் நிறைய வெங்காயப் பிடிகள். மேடையின் பின்பக்கம் முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிட்டோம். பின்னேரம் விழாவுக்கு வந்த நிலைய அதிபர் மேடையைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"உதென்ன ஐசே, விழாவோ சந்தையோ?"

"சத்தம் நிக்கிறதுக்குச் சேர்."

"சத்தம் நிக்கட்டும். மணமும் எல்லோ நிக்குது!"

இடம் போதாமல் மத்தளக்காரர் வெங்காயத்தோடு சாய்ந்து இருந்து வாசித்தார். பாட்டு உச்சத்துக்குப் போகப் போக அவர் முதுகும் வேகமாக அசைந்தது, வெங்காயம் நசுங்கியது. துலாப் பாட்டின்போது முன்வரிசையில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அதிபரும் லேஞ்சியை எடுத்தார். அண்ணைக்கு அன்றைக்கு இருந்த பெருமிதத்தைக் கெடுக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. சத்தம் திருந்தியதா என்று கேட்டால், திருந்தியது. கொட்டிலில் கேட்டது அப்படியே மண்டபத்திலும் கேட்டது. ஆனால் வெங்காயம் முதலில் விழுங்கியது என் தாளத்தைத்தான். முன்வரிசையில் இருந்த என் மனைவி சாட்சி.

"இஞ்சருங்கோ, நீங்கள் நல்லாய்த்தான் செய்தனீங்கள். கை அசையிறது வடிவாய்த் தெரிஞ்சுது."

"கேட்டதோ?"

"தெரிஞ்சுது" என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஒலிவாங்கி கேட்டுச் சண்டை பிடிக்கத் தொடங்கினேன். சண்டை என்றால் என்னுடைய முறையில்: தாளத்துக்கு ஒலிவாங்கி ஏன் அவசியம் என்பதற்கான காரணங்களை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம் வீதம் சொல்லி வந்தேன். காரணங்கள் தீர்வதற்கு முன் அண்ணை களைத்துவிட்டார். குருநகரில் ஒரு கோயில் பெருநாளுக்கு வாசிக்கப் போனபோது, என் முன்னால் தனியாக ஒரு ஒலிவாங்கி, பளபளக்கும் கம்பத்தில் நின்றது. நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். அன்றைக்கு வாசித்ததைப்போல நான் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் இல்லை. ஒலிவாங்கியைத் தாளத்தின் விளிம்புக்குப் பொருத்தமாகச் சற்றுச் சரித்துக்கூட வைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் வயர்களைச் சுற்றிவைப்பது என் வேலை. வேறெவர் சுற்றினாலும் முறுக்கு விழும். ஒவ்வொன்றாக மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையில் சுற்றிக்கொண்டு வந்தேன். என் ஒலிவாங்கியின் வயரைச் சுற்றினால் அது பெட்டிகளின் பக்கம் போகாமல் மேடை விரிப்புக்குக் கீழே போனது. இழுத்தேன். மேடையோரத்து மேசை ஒன்று நகர்ந்தது. மறு முனை மேசைக்காலில் கட்டியிருந்தது. நல்ல முடிச்சு, டொமினிக் வீட்டுத் தோணிக்குப் போடுகிற முடிச்சு.

டொமினிக் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கித்தாரை உரப்பையில் போட்டான். தோள்கள் குலுங்கின. நான் வயரோடு அண்ணையிடம் போனேன்.

"இது என்ன அண்ணை?"

அவர் மறைக்கவில்லை. வயரின் முனையை வாங்கிப் பார்த்தார்.

"பெட்டியிலை வயர் குத்திற ஓட்டை முடிஞ்சுது தம்பி. என்ன செய்யிறது? சீற் இல்லாட்டிலும் பிடிக்க ஒரு கம்பியெண்டாலும் குடுக்க வேணுமெல்லோ."

மூன்று நாள் அவருடைய பஸ்ஸில் ஏறாமல் சைக்கிளில் வேலைக்குப் போனேன். எதிர்க்காற்று. நாலாம் நாள் ஏறினேன். அவர் இரண்டு விரலைத் தோளுக்குப் பின்னால் வைத்தார்.

ஆனால் மனம் ஆறவில்லை. கோஷ்டியில் எனக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று ஒரேயடியாக அறிந்துகொள்ளத் தீர்மானித்தேன். நீர்வேலியில் ஒரு கோயில் திருவிழா. நீர்வேலியாரின் சொந்த ஊர், நல்ல சனம். அம்பாப் பாட்டின் நடுவில், கித்தாரும் ஓகனும் எக்கோவும் ஒன்றாகப் பொங்கி நின்ற இடத்தில், நான் தாளத்தை நிறுத்தினேன். கைகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். பித்தளையும் பித்தளையும் தொடவில்லை. கோஷ்டி தடுமாறும், நீர்வேலியார் திரும்பிப் பார்ப்பார், சனம் என்னவோ குறைகிறது என்று முகம் சுளிக்கும் என்று காத்திருந்தேன்.

பாட்டு அழகாக முடிந்தது. அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் அந்த வருடத்திலேயே பெரியது. அடுத்த பாட்டிலும் நான் வாசிக்கவில்லை. அதற்கும் கைதட்டினார்கள். இறங்கும்போது அண்ணை கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இண்டைக்கு நல்லாய்ப் பிடிச்சீர்."

நான் வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். எழுத ஒன்றும் வரவில்லை. மழை பெய்யவில்லை என்று எழுதினேன்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு ஒழுங்கான காரணம் என்னிடம் இல்லை. ஞாயிறு பின்னேரம் வந்தால் கால்கள் கொட்டிலுக்குப் போயின. அந்தச் சத்தத்துக்குள் நிற்பது பழகிப்போயிற்று.

பிறகு யுத்தம் இறுகி மின்சாரம் போனது. ஒருநாள் இருநாள் போவது அல்ல, போனது போனதுதான். சுன்னாகத்தில் பிறந்த கரண்ட் சுன்னாகத்திலும் இல்லை. சனம் போத்தல்விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடி அலைந்தது. றேடியோவில் செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றியது. குடாநாடே இருளில் கிடந்தபோது ஒரு மனிதன் மட்டும் வீட்டுக் கிணற்றடியில் இருந்து பழப்புளி போட்டுக் கைத்தாளம் துலக்கிக்கொண்டிருந்தான். கித்தார் கேட்காது, ஓகன் கேட்காது, எக்கோப் பெட்டி வெறும் பெட்டி. இனித் தாளம் கேட்கும்! என் மனைவி வாளியோடு வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஊர் அழுகுது, உங்களுக்குக் கலியாணக் களை."

அண்ணையைத் தேடிப்போனேன். டீசல் இல்லாமல் மினிபஸ் வேலியோரத்தில் நின்றது. அவர் சைக்கிளில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். முன்பாரில் ஒருவர், பின்கரியரில் ஒருவர், ஹாண்டிலில் இரண்டு பை.

"அண்ணை, பழையபடி தொடங்குவம். உடுக்கு, மத்தளம், தாளம். கரண்ட் தேவையில்லை."

"டொமினிக்?"

"அவன் கொழும்புக்குப் போட்டான் எண்டு கதைக்கினம்."

"ஓகன்காரன்?"

"அவரின்ரை ஓகன்தான் வேலை செய்யாதே அண்ணை."

அவர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வருவினம். எல்லாரும் வரட்டும் தம்பி. அரை பஸ்ஸோடை நான் வெளிக்கிடுறேல்லை."

அவர்கள் வரவில்லை. துலக்கிய தாளம் மெல்ல மெல்லக் கறுத்தது. இப்படி என்னுடைய பொற்காலம் ஆரம்பிக்காமலே முடிந்தது.

சில வருடங்களுக்குப் பின் ஒரு ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் அதை எழுதப் போவதில்லை. மழை, ஒரே வீதி, அதில் எல்லோரும். எனக்கு முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு சைக்கிள் சில்லு. நாங்கள் கொண்டுவந்த சாமான்களுக்கு நான் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். பட்டியலை வீட்டில் மறந்துவிட்டேன். தாளத்தை எடுத்தது பட்டியலில் இல்லாத காரியம். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுப் பையின் வாயைக் கட்டினாள்.

நாவற்குழிப் பாலம் கடந்து, மறுநாள் முற்பகல் ஒரு பள்ளிக்கூடத்தை அடைந்தோம். வகுப்பறைகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் "இஞ்சை இடமில்லை, அங்காலை பாருங்கோ" என்றார்கள். கடைசி அறையில் ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் கைகளை விரித்து வாசலை மறித்துக்கொண்டாள். அவளில் பிழையில்லை, உள்ளே பாய் விரித்த இடம் தவிர வெறும் நிலமே தெரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் அரக்குங்கோ. இரண்டு பேர் நிக்கினம்."

"எங்கை ஐயா அரக்கிறது? சுவரை உடைக்கட்டோ?"

"ஏறினாப்பிறகு தெரியும் பிள்ளை."

அண்ணைதான். கரும்பலகைக்குக் கீழே, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தாடி வளர்ந்து நரைத்திருந்தது. அவர் ஒரு பாயைச் சுருட்டச் சொன்னார், ஒரு பெட்டியை நிமிர்த்தி வைத்தார், ஒரு கிழவரின் தோளுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்தார். சனம் முணுமுணுத்தது, நகர்ந்தது. எங்களுக்கு ஒரு ஓரம் வந்தது. நான் என் பையை வைத்தபோது உள்ளே தாளம் கிணுங்கியது. அவர் சிரித்தார்.

"கொண்டு வந்திட்டீரே?"

"ஓம் அண்ணை. அடிக்கிறதுக்கில்லை. சும்மா."

"சும்மா எண்டால் என்ன, நீர்வேலித் திருவிழாவிலை செய்த மாதிரியோ?"

நான் விளங்காதவன் மாதிரி அவர் முகத்தைப் பார்த்தேன். மனைவியும் என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் அதைச் சொன்னதில்லை.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"நிப்பாட்டினது தெரியாமலே? அம்பாப் பாட்டு நடுவிலை. அடுத்த பாட்டு முழுக்க."

"பிறகேன் நல்லாய்ப் பிடிச்சீர் எண்டு சொன்னியள்?"

"பிடிச்சுக்கொண்டுதானே நிண்டனீர். விட்டிட்டு இறங்கேல்லையே." ஜன்னல் கம்பியில் கையை மாற்றிக்கொண்டார். "பஸ்ஸிலை நித்திரை கொள்ளுறவனும் பயணிதான் ஐசே. இறக்கிவிட ஏலுமே?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒலிவாங்கியைப் பற்றி, முடிச்சைப் பற்றி, இத்தனை வருடம் நான் தேடித் திரிந்ததைப் பற்றி. ஒழுங்காக ஒரு வசனம் அமைவதற்குள் வாசலில் மறுபடி சத்தம். நனைந்த சீலையோடு ஒரு தாய், இடுப்பில் ஒரு பிள்ளை, பின்னால் மூட்டையோடு ஒரு மனிதர். முதலில் எங்களை மறித்த அதே பெண் கைகளை விரித்தாள். அவளோடு சேர்ந்து நானும் எழும்பி, "இஞ்சை இடமில்லை, அங்காலை பாருங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் உள்ளே வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

தோள்பட்டைக்குப் பின்னால், சட்டையில் பட்டும் படாமலும், இரண்டு விரல்.

நான் மறுபடி குந்தி, கால்களை மடக்கிக்கொண்டேன்.